மோட்டாரைக் கழற்றும் முன்: ஸ்டெப்பர் மோட்டார் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

வியாசர்பாடியில் சி.என்.சி. எனும் கணினி இயக்கும் இயந்திரத்தில் கதவுகளுக்குச் செதுக்கு வேலை செய்யும் ஒரு பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. “அண்ணா, ஒய் பக்க மோட்டார் போய்விட்டது. வரும்போதே புதிது ஒன்று வாங்கி வந்துவிடுங்கள்” என்றார் தம்பி. நான் ஆலன் கீயும் வெள்ளை மைப் பேனாவும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் தண்டையும் பால் ஸ்க்ரூவையும் (அச்சை நகர்த்தும் மரைத் தண்டு) இணைக்கும் கப்ளிங்கில் ஒரு கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத சிறு திருகு, தளர்ந்திருந்தது. இறுக்கினோம், வேலை முடிந்தது. அதற்குள் அவர் இரண்டு நாள் கூலியையும் ஒரு தேக்குப் பலகையையும் இழந்திருந்தார்.

இது எனக்குத் திரும்பத் திரும்ப நேரும் அனுபவம். அளவு தவறினாலும் சத்தம் வந்தாலும் நின்றுபோனாலும் பழி முதலில் மோட்டார் மேல்தான் விழுகிறது. ஆனால் ஸ்டெப்பர், அதாவது அடி அடியாக நகரும் மோட்டாருக்குள் கெட்டுப்போவதற்கென்று இருப்பவை மிகக் கொஞ்சம்: இரண்டு பேரிங், செம்புச் சுற்றுகள், ஒரு காந்தம். கார்பன் பிரஷ் கிடையாது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை மோட்டாருக்கு வெளியே, கம்பியிலோ டிரைவிலோ (மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும் பெட்டி) பவர் சப்ளையிலோ இயந்திரப் பாகத்திலோ இருந்தன. சிறு பட்டறைக்காரர் தேவையில்லாமல் ஒரு மோட்டார் வாங்குவது அந்த வாரத்து லாபம் முழுவதும் போவதற்குச் சமம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

நம் பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பது ஹைப்ரிட் வகை. நெமா 17, நெமா 23, நெமா 34 என்று வாங்குகிறோமே, அந்த எண் மோட்டார் முகப்பின் அகலத்தைக் குறிக்கும். 23 என்றால் 2.3 அங்குலம், ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். எண் பெரிதானால் மோட்டார் வலுவானது என்று அந்த எண் சொல்வதில்லை. ஒரே 23 முகப்பில் குட்டை மோட்டாரும் உண்டு, அதைவிடப் பல மடங்கு இழுவிசை கொண்ட நீள மோட்டாரும் உண்டு.

உள்ளே சுழலும் பாகமான சுழலியில் பெரும்பாலும் 50 பற்கள். சுற்றிலும் இரண்டு தனித்தனிக் கம்பிச்சுற்றுகள். டிரைவ் இந்த இரண்டிலும் மின்னோட்டத்தை முறைவைத்து மாற்றி மாற்றிச் செலுத்தும்போது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தண்டு ஓர் அடி (ஸ்டெப்), அதாவது 1.8 பாகை நகரும். 200 அடி வைத்தால் ஒரு முழுச் சுற்று. நான்கு அடி முடிந்ததும் சுழலி ஒரு பல் தூரம், அதாவது 7.2 பாகை நகர்ந்திருக்கும். மின்னோட்டமோ தொடங்கிய நிலைக்கே திரும்பியிருக்கும். இந்த 7.2 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அளவு தவறும் கோளாறில் அதுதான் நமக்குச் சாட்சி சொல்லப்போகிறது.

இன்னொன்று. சாதாரண ஸ்டெப்பர் டிரைவுக்குக் கண் கிடையாது. கன்ட்ரோலர் (இயந்திரத்துக்கு ஆணையிடும் கருவி) அனுப்பும் பல்ஸ், அதாவது மின்துடிப்பு, வந்தால் மின்னோட்டத்தை மாற்றும், அவ்வளவுதான். தண்டு உண்மையில் நகர்ந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. கணினித் திரையில் 250.00 என்று எண் நிற்கலாம், வெட்டும் முனை 247-இல் நிற்கலாம். எனவே திரையை நம்பாதீர்கள்; ஸ்கேலை நம்புங்கள்.

கை வைப்பதற்கு முன்

மின்சாரம் ஓடும்போது மோட்டார் கம்பியைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. கம்பிச்சுற்றில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறுந்தால் உயர் அழுத்தம் எழும்பி டிரைவின் உள்ளிருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்சைத் துளைத்துவிடும். நல்ல டிரைவைக் கோளாறு தேடும்போதே கொன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சப்ளையை அணைத்து, அதிலுள்ள விளக்கு முழுதும் அணையும்வரை காத்திருங்கள். அதேபோல அச்சைக் கையால் வேகமாகத் தள்ளாதீர்கள். அப்போது மோட்டார் ஜெனரேட்டராகி டிரைவுக்குள் மின்சாரம் அனுப்பும். மெதுவாகத் தள்ளினால் பயமில்லை.

அடுத்து, எந்தக் கோளாறுக்கும் பொருந்தும் ஒரு சோதனை. எக்ஸ் அச்சு கெட்டிருக்கிறது, ஒய் நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மோட்டாரும் ஒரே அளவு என்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டு டிரைவ் முனையில் இரண்டின் மோட்டார் கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். இப்போது எக்ஸ் டிரைவ் ஒய் மோட்டாரை ஓட்டும். குறை எக்ஸ் மோட்டாரோடு போனால் மோட்டாரிலோ அதன் கேபிளிலோ அந்த அச்சின் இயந்திரப் பாகத்திலோ கோளாறு. எக்ஸ் டிரைவிலேயே தங்கிவிட்டால் டிரைவிலோ அதற்கு வரும் பல்ஸிலோ கோளாறு. கால் மணி நேர வேலை. பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: மோட்டார் அசையவே இல்லை

முதலில் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் மோட்டாருக்கு மின்னோட்டமே போகவில்லை. சப்ளையின் டி.சி. முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். சில எஸ்.எம்.பி.எஸ். வகைச் சப்ளைகளின் பக்கவாட்டில் 110, 220 என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நம்மூருக்கு அது 220 பக்கம் இருக்கவேண்டும். 110-இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் சப்ளை வெடித்துப் போகும். சப்ளை சரி, டிரைவில் பச்சை விளக்கும் எரிகிறது, ஆனாலும் பிடிப்பு இல்லையென்றால் எனேபிள் கம்பியை (மோட்டாரைப் பிடிக்கவோ விடவோ டிரைவுக்குச் சொல்லும் கம்பி) பாருங்கள். டி.எம்.542 போன்ற டிரைவுகளில் எனேபிள் முனையை வெறுமனே விட்டாலே டிரைவ் இயங்கும். கன்ட்ரோலரிலிருந்து வரும் எனேபிள் சிக்னல் தலைகீழாக அமைக்கப்பட்டிருந்தால், ஓடவேண்டிய நேரத்தில் அது மோட்டாரை விடுவித்துவிடும். இரண்டு எனேபிள் கம்பிகளையும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்டு இறுகப் பிடித்து நிற்கிறது, ஆனால் நகரவில்லை என்றால் மோட்டாரும் டிரைவின் வெளியீட்டுப் பகுதியும் பெரும்பாலும் நலம். பல்ஸ்தான் வந்து சேரவில்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் இதையே பார்த்தேன். பழைய பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர் வகை) பழுதாகி, கையில் கிடைத்த வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது ரிலே வெளியீடு கொண்டது. ரிலே ஒரு இயந்திரத் தொடுப்பு. நொடிக்கு ஆயிரக்கணக்கான பல்ஸை அதனால் தரமுடியாது. ஸ்டெப்பருக்கு டிரான்சிஸ்டர் வெளியீடுதான் வேண்டும். அதை மாற்றிய பின்னும் கவனிக்கவேண்டியது ஒன்று: பிஎல்சி தருவது 24 வோல்ட், பல டிரைவுகளின் பல்ஸ் நுழைவு 5 வோல்ட்டுக்கானது. அப்படிப்பட்ட டிரைவானால் ஒவ்வொரு சிக்னல் கம்பியிலும் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராகப் போடவேண்டும். போடாவிட்டால் உள்ளே இருக்கும் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) எரிந்துபோகும், டிரைவ் பிடித்துக்கொண்டு நிற்கும், நாம் மோட்டாரைச் சந்தேகிப்போம். 24 வோல்ட்டை நேராக ஏற்கும் டிரைவுகளும் வருகின்றன. மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அறிகுறி: நடுங்குகிறது, உறுமுகிறது, சுற்றவில்லை

இது கம்பிக் கோளாறின் கையெழுத்து. இரண்டு சுற்றில் ஒன்றுக்கு மட்டும் மின்னோட்டம் போனால், எந்தப் பக்கம் சுற்றுவது என்று சுழலிக்குத் தெரியாது. முன்னும் பின்னும் ஆடும். ஒரு சுற்றின் கம்பியை மற்றொரு சுற்றின் முனையில் மாற்றி மாட்டியிருந்தாலும் இதே ஆட்டம்தான்.

கம்பிகளின் நிறத்தை நம்பவேண்டாம். கறுப்பும் பச்சையும் ஒரு ஜோடி, சிவப்பும் நீலமும் ஒரு ஜோடி என்பது பரவலாக இருக்கிறது; எல்லா உற்பத்தியாளரும் அதைப் பின்பற்றுவதில்லை. மின்சாரத்தை அணைத்து, நான்கு கம்பிகளையும் டிரைவிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஜோடிக்குள் சில ஓம் அல்லது ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். இரண்டு ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஜோடிக்கு வெளியேயும், கம்பிக்கும் மோட்டார் உடலுக்கும் இடையேயும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. மீட்டர் கையில் இல்லையா? ஏதாவது இரண்டு கம்பிகளின் முனைகளை முறுக்கிச் சேர்த்துத் தண்டைச் சுற்றுங்கள். கனமாகச் சுற்றினால் அவை ஒரு ஜோடி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே காட்டிய உபாயம் இது. இன்றும் மீட்டரை எடுக்கும் முன் என் கை தானாக இதைத்தான் செய்கிறது.

ஆறு கம்பி மோட்டாரில் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுமுனை ஒன்று கூடுதலாக இருக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காட்டும் ஓம், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இரண்டு மடங்காகும். ஓரங்களை மாட்டி நடுமுனையை இன்சுலேஷன் டேப் சுற்றித் தனியே விட்டுவிடலாம். ஒரு ஜோடிக்குள் இரண்டு கம்பியையும் இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். கோளாறு எதுவும் வராது.

எல்லாம் சரியாகக் காட்டியும் அச்சு ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகும்போது மட்டும் உறுமினால் கேபிள் செயினைச் சந்தேகியுங்கள். லட்சக்கணக்கான முறை வளைந்த கம்பி உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். நேராக இருக்கும்போது ஒட்டிக்கொள்ளும், வளையும்போது பிரியும். மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு செயினை முழு நீளத்துக்கும் மெதுவாக நகர்த்துங்கள். சாதாரண வீட்டு வயரிங் கம்பியைச் செயினுக்குள் போட்ட இயந்திரங்களில் இது வந்தே தீரும். வளைவதற்கென்று செய்த பல இழை நெகிழ் கேபிள் போடுங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடற்காற்றின் உப்பு திறந்த டெர்மினல்களில் படிந்து பச்சை பூக்கும். மோட்டார் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் உறுமும். அந்தப் பச்சையைச் சுரண்டி மீண்டும் மாட்டினால் போதாது. நுனியை வெட்டி, புதுக் கம்பி வெளியே வரச் சீவி, லக் அடித்து மாட்டுங்கள். பேனல் கதவின் ரப்பர் ஓரத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கம்பி எல்லாம் சரி, மெதுவாக ஓட்டினால் ஓடுகிறது, வேகமாக ஆரம்பித்தால் உறுமுகிறது என்றால் கோளாறே கிடையாது. வேகம் ஏறும் விகிதம், அதாவது முடுக்கம், அளவுக்கு மீறியிருக்கிறது. நின்ற நிலையிலிருந்து எடுத்தவுடன் பாய ஸ்டெப்பரால் முடியாது. கன்ட்ரோலரில் முடுக்கத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் அளவு தவறுகிறது

என்னை அழைப்பவர்களில் அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். இதில்தான் அதிகப் பணமும் வீணாகிறது. எவ்வளவு தவறுகிறது, எப்போது தவறுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியும்வரை எதையும் கழற்றாதீர்கள்.

100 மில்லிமீட்டர் கேட்டால் 98, 200 கேட்டால் 196 என்று விகிதம் மாறாமல் தவறினால் அது கணக்குக் கோளாறு. 200 அடியை மைக்ரோஸ்டெப்பால் (ஒரு அடியை டிரைவ் எத்தனை துண்டாக்குகிறதோ அந்த எண்) பெருக்கி, ஸ்க்ரூ ஒரு சுற்றில் நகரும் தூரத்தால் வகுக்கவேண்டும். மைக்ரோஸ்டெப் 16, ஸ்க்ரூ 5 மில்லிமீட்டர் என்றால் 3200 வகுத்தல் 5, அதாவது மில்லிமீட்டருக்கு 640 பல்ஸ். 2 மில்லிமீட்டர் பல் இடைவெளியுள்ள பெல்ட்டும் 20 பல் புல்லியும் என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர், ஆகவே 80. சரியாகப் பாதியோ இரட்டிப்போ வந்தால் கணக்கைத் தொடவேண்டாம். டிரைவின் டிப் சுவிட்ச் (அமைப்பை மாற்றும் குட்டி சுவிட்ச்) ஒன்று இடம் மாறியிருக்கிறது. துடைக்கும்போது விரல் பட்டு மாறியதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

திசை மாறும்போது மட்டும் சிறிது குறைந்து, அந்தக் குறை சேர்ந்துகொண்டே போகாமல் அதே அளவில் நின்றால் அது இயந்திரத் தளர்வு. வட்டம் வெட்டினால் நான்கு இடத்தில் தட்டையாக வரும். நட்டையும் முனைப் பேரிங்கையும் பாருங்கள். மின்சாரத்துக்கு இதில் பங்கே இல்லை.

ஒரே அடியாகத் தாவித் தவறினால், அதாவது பாதி வேலை வரை சரியாக இருந்து திடீரென்று கோடு விலகிப்போனால், மோட்டார் அடியைத் தவறவிட்டதா, அல்லது இணைப்பு வழுக்கியதா என்று முதலில் பிரிக்கவேண்டும். இதற்கு அந்த வெள்ளை மைப் பேனா போதும். மோட்டார் தண்டிலிருந்து கப்ளிங் வழியாக ஸ்க்ரூ வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். தவறு நேர்ந்த பிறகு பாருங்கள். கோடு உடைந்திருந்தால் வழுக்கல். கிரப் ஸ்க்ரூ தண்டின் தட்டைப் பக்கத்தில் நேராக உட்காரவேண்டும். உருளையான பக்கத்தில் இறுக்கினால் சில நாளில் கழன்றுவிடும். மரையைத் துடைத்து, மரை பூட்டும் திரவம் ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

கோடு உடையவில்லை என்றால் இப்போது அந்த 7.2-ஐ அழைப்போம். மோட்டார் சுமை தாங்காமல் விட்டுவிடும்போது சுழலி எங்கு வேண்டுமானாலும் போய் நிற்பதில்லை. மின்னோட்டம் இருக்கும் நிலைக்குப் பொருந்தும் அடுத்த பல்லில்தான் போய் ஒட்டும். ஒரு பல் 7.2 பாகை, ஒரு சுற்றில் ஐம்பது பல். ஆகவே 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ நேரடியாக இணைந்திருந்தால் தவறு எப்போதும் 0.1 மில்லிமீட்டரின் மடங்காக இருக்கும். 40 மில்லிமீட்டர் நகர்த்தும் பெல்ட்டில் 0.8 மில்லிமீட்டரின் மடங்கு. தவறை டயல் கேஜில் அளந்து பாருங்கள். மடங்கில் விழுந்தால் மோட்டார் சுமைக்குத் தோற்றிருக்கிறது: ரயிலில் மரத்தூள் கெட்டிப்பட்டிருக்கலாம், எண்ணெய் காய்ந்திருக்கலாம், முனை மழுங்கியிருக்கலாம், முடுக்கம் அதிகமாக இருக்கலாம், மின்னோட்டம் குறைவாக வைத்திருக்கலாம். மடங்கில் விழாத தவறு, அதாவது 0.03, 0.17 என்று வருவது, பல்ஸ் கணக்கில் குளறுபடி. மோட்டார் கேட்டதைச் சரியாகச் செய்திருக்கிறது, கேட்டதே தவறு.

பல்ஸ் குளறுபடியில் இரண்டு வகை எனக்கு அடிக்கடி எதிர்ப்படுகிறது. ஒன்று, திசை மாற்றத்தில் பல்ஸ் இழப்பது. திசைக் கம்பி மாறிய பிறகு பல்ஸ் வருவதற்கு முன் டிரைவுக்குச் சிறிது அவகாசம் வேண்டும், டி.எம்.542 வகைக்கு அது 5 மைக்ரோநொடி. அவகாசம் போதாவிட்டாலோ, பல்ஸின் ஏறும் விளிம்பை எண்ணவேண்டிய டிரைவுக்குக் கன்ட்ரோலர் தலைகீழாக அனுப்பினாலோ, திசை மாறும்போது ஒரு பல்ஸ் தவறான பக்கம் எண்ணப்படும். ஆப்டோகப்ளர் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆகும் நேரம் வேறு வேறு என்பதால், போகும்போது இழந்தது வரும்போது ஈடாகாமல் போய்விடுகிறது. மில்லிமீட்டருக்கு 640 பல்ஸ் என்ற கணக்கில் ஒரு பல்ஸ் வெறும் 0.0016 மில்லிமீட்டர், யாருக்கும் தெரியாது. ஆனால் பூ வேலைப்பாடு கொண்ட ஒரு கதவில் அச்சு ஆயிரம் முறை போய்வந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நீளமான நேர்க்கோடு சரியாக வருகிறது, நுணுக்கமான வேலை மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பல்ஸ் விளிம்பு அமைப்பைத்தான். வெட்டாமல் வெறுமனே 10 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஐந்நூறு முறை ஓடும் புரோகிராம் ஒன்று எழுதி, தொடக்கத்திலும் முடிவிலும் டயல் கேஜ் பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் கன்ட்ரோலரில் பல்ஸ் துருவத்தைத் திருப்பி, திசை அவகாசத்தைக் கூட்டி, மறுபடி ஓட்டுங்கள்.

மற்றொன்று மின் இரைச்சல். ஸ்பிண்டிலை (வெட்டும் முனையைச் சுழற்றும் மோட்டார்) அணைத்துவிட்டுக் காற்றில் ஓட்டினால் சரியாக வரும், ஸ்பிண்டில் சுற்றும்போது காற்றில் ஓட்டினாலும் தவறும். ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிள்தான் காரணம். அதைப் பல்ஸ் கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டியிருப்பார்கள், பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதென்று. பிரித்துவிடுங்கள். ஸ்பிண்டில் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். அந்த ஷீல்டு வி.எஃப்.டி.யின் எர்த் முனையில் நன்றாகத் தொடவேண்டும். பல்ஸ் கம்பியின் ஷீல்டைக் கன்ட்ரோலர் பக்கம் ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேருங்கள். எல்லா எர்த்தும் ஒரே செம்புப் பட்டையில் வந்து கூடவேண்டும். பட்டறையில் எர்த்தே இல்லை என்றால் வேறு எதையும் செய்வதற்கு முன் அதைச் செய்யுங்கள். அளவுக்காக மட்டும் சொல்லவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு வேலை பார்க்கும் பையன்கள் இருக்கும் இடம் அது.

அறிகுறி: மெதுவாகச் சரி, வேகம் கூட்டினால் கூவிக்கொண்டு நிற்கிறது

கம்பிச்சுற்று மின்னோட்டத்தை உடனே ஏற்றுக்கொள்வதில்லை. அதற்கு நேரம் வேண்டும். வேகம் கூடக் கூட அந்த நேரம் குறைந்து, முழு மின்னோட்டம் ஏறும் முன்பே அடுத்த அடி வந்துவிடுகிறது. இழுவிசை விழுகிறது. இங்கே மின்னோட்டத்தைக் கூட்டுவது பயனற்றது, வோல்ட்டைக் கூட்டவேண்டும். மோட்டார் லேபிளில் 3 வோல்ட் என்று போட்டிருக்கும்போது 36 வோல்ட் கொடுக்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். கொடுக்கலாம். டிரைவ் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மின்னோட்டத்தை அளவுக்குள் வைத்திருக்கும். பயன்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: கம்பிச்சுற்றின் இண்டக்டன்ஸை (மின்தூண்டல் அளவு) மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்கு உகந்த உச்ச வோல்ட். 2.25 மில்லிஹென்றி என்றால் 48. ஆனால் டிரைவின் எல்லையைத் தாண்டக்கூடாது. 50 வோல்ட் எல்லையுள்ள டிரைவுக்கு நான் 36 வோல்ட் சப்ளைதான் போடுகிறேன். கனமான அச்சு சட்டென்று நிற்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரம் வோல்ட்டை ஏற்றிவிடும். அதற்கு இடம் விடவேண்டும்.

வோல்ட் சரியாக இருந்தும் ஒரு வேகத்துக்கு மேல் போகவில்லை என்றால் கன்ட்ரோலர் மூச்சுவாங்குகிறதா என்று பாருங்கள். அர்டுவினோ யூனோ சிறு பலகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருள் நொடிக்குச் சுமார் 30,000 பல்ஸ் தரும். மைக்ரோஸ்டெப் 16-இல் 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஓட நொடிக்கு 32,000 பல்ஸ் வேண்டும். மைக்ரோஸ்டெப்பை 8-ஆகக் குறைத்தால் தேவை பாதியாகும். நுணுக்கம் போய்விடுமே என்று தயங்கவேண்டாம். 16-இல் ஒரு மைக்ரோ அடிக்குக் கிடைக்கும் விசை, மோட்டாரின் பிடிப்பு விசையில் பத்தில் ஒரு பங்குதான். உராய்வு அதற்கு மேல் இருந்தால் அந்த ஒரு அடி நகரவே நகராது. மைக்ரோஸ்டெப் ஓட்டத்தை மென்மையாக்கும். துல்லியத்தைத் தருவது நல்ல ஸ்க்ரூவும் ரயிலும்தான்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இயந்திரமே அதிர்கிறது

ஒவ்வொரு அடிக்கும் சுழலி ஊஞ்சல்போல் சிறிது ஆடி நிற்கிறது. அடி விழும் வேகம் அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போனால் அதிர்வு பெருகும். பொதுவாக நொடிக்கு ஒரு சுற்றை ஒட்டிய மெதுவான வேகத்தில் இது வரும். முழு அடியில் ஓட்டினால் மைக்ரோஸ்டெப்பை 8-க்கோ 16-க்கோ மாற்றுங்கள். வெட்டும் வேகத்தை அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். மின்னோட்டம் தேவைக்கு மேல் இருந்தாலும் அதிரும், சிறிது குறைத்துப் பாருங்கள். பழைய டிரைவாக இருந்தால் டிஜிட்டல் டிரைவுக்கு மாறும்போது இந்தத் தொல்லை பெருமளவு அடங்கிவிடும்.

அறிகுறி: சூடு

மோட்டார் தொடமுடியாத அளவு சுடுகிறது என்று பயந்து அழைப்பவர்கள் உண்டு. ஸ்டெப்பர் நின்றுகொண்டிருக்கும்போதும் மின்னோட்டம் ஓடுவதால் சூடு இயல்பு. பெரும்பாலானவற்றில் உள்காப்பு 130 பாகை தாங்கும் வகை. உடல் 80 பாகை வரை போனாலும் ஆபத்தில்லை. கை அதற்கு வெகு முன்பே சுட்டுவிடும் என்பதால் கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது. நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்கும் டிப் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

டிரைவின் சூடு வேறு கதை, அதைத்தான் கவனிக்கவேண்டும். கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ், மூடிய பேனலுக்குள் காற்று 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். பல டிரைவுகளுக்கு அதுதான் எல்லை. காலையில் நன்றாக ஓடி மதியம் மூன்று மணிக்கு அடி தவறும் இயந்திரத்தில் முதலில் பேனல் விசிறியின் வலையைக் கழற்றிப் பாருங்கள்; எம்.டி.எஃப். தூள் கம்பளிபோல் அடைத்திருக்கும். டிரைவைச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.

மின்னோட்ட அமைப்பில் ஒரு குழப்பம் உண்டு. டிரைவின் மேல் அச்சிட்ட அட்டவணையில் உச்ச மதிப்பு (Peak), ஆர்.எம்.எஸ். மதிப்பு (RMS) என்று இரண்டு வரிசை இருக்கும். டி.எம்.542-இல் 4.2 ஆம்பியர் உச்சம் என்பது 3 ஆம்பியர் ஆர்.எம்.எஸ்.ஸுக்குச் சமம். மோட்டார் லேபிளில் உள்ள எண்ணை எந்த வரிசையில் தேடுவது? உச்ச வரிசையில் தேடி ஆரம்பியுங்கள். சூடு குறைவாக இருக்கும். விசை போதவில்லை என்றால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் வரும் ஏ4988 சிறு பலகையில் திருகைத் திருப்பி ஒரு வோல்ட் அளவை அமைக்கவேண்டும்: வேண்டிய ஆம்பியரை 8-ஆல் பெருக்கி, பலகையில் உள்ள உணர் ரெசிஸ்டரின் ஓமால் பெருக்குங்கள். 1 ஆம்பியருக்கு 0.1 ஓம் பலகையில் 0.8 வோல்ட், 0.05 ஓம் பலகையில் 0.4 வோல்ட். ரிட்சி தெருவில் இரண்டு வகைப் பலகையும் ஒரே பெயரில் கிடைக்கும். ரெசிஸ்டரில் எழுதியிருப்பதை உருப்பெருக்கியில் படிக்காமல் அமைக்காதீர்கள்.

அறிகுறி: டிரைவில் சிவப்பு விளக்கு

சப்ளையை அணைத்து, மோட்டார் கம்பிகளை முழுதும் கழற்றி, மீண்டும் மின்சாரம் கொடுங்கள். விளக்கு தொடர்ந்தால் டிரைவ் போய்விட்டது. விளக்கு வரவில்லை என்றால் குறுக்குத் தொடுப்பு கேபிளிலோ மோட்டாரிலோ இருக்கிறது. ஓமும் உடல் தொடர்பும் பார்த்து எது என்று பிரித்தறியுங்கள். ஓடி நிற்கும் கணத்தில் மட்டும் சிவப்பு வந்தால், மேலே சொன்ன திரும்பும் மின்சாரம் வோல்ட்டை எல்லை மீற வைக்கிறது. நிற்கும் முடுக்கத்தைக் குறையுங்கள்.

ஓம் பார்த்து மோட்டாரே கெட்டது என்று உறுதியானாலும் அதைத் திறந்து பழுதுபார்க்க முயலாதீர்கள். சுழலியை வெளியே எடுத்தால் காந்த வலு குறைந்துவிடக்கூடும். திரும்பப் பொருத்தியபின் மோட்டார் ஓடும், பழைய இழுவிசை இருக்காது. பேரிங் மட்டும் சத்தம் போடுகிறது என்றாலும் செம்புதாஸ் தெருவில் பேரிங் தேடி அலைவதைவிட அதே அளவு மோட்டார் வாங்குவது நல்லது. இந்த ஓரிடத்தில் மட்டும் நானே மோட்டார் மாற்றச் சொல்கிறேன்.

அறிகுறி: மின்சாரம் போனதும் இசட் அச்சு தானாக இறங்குகிறது

இதில் எந்தப் பாகமும் கெடவில்லை, ஆனால் கைக்கு ஆபத்து. ட்ரபீசியம் மரை ஸ்க்ரூ பெரும்பாலும் உராய்வால் பிடித்து நிற்கும். பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவு, ஸ்பிண்டிலின் எடை அதைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். மின்சாரம் இல்லாத மோட்டாரின் பிடிப்பு அதைத் தடுக்கப் போதாது. கனமான ஸ்பிண்டில் என்றால் 24 வோல்ட் பிரேக் உள்ள மோட்டாரையே இசட்டுக்குப் போடுங்கள். மின்சாரம் வந்தால் விடுவித்து, போனால் பிடிக்கும் வகையாக அது இருக்கவேண்டும். டிரைவ் பிடித்த பிறகு பிரேக் விடவேண்டும், பிரேக் பிடித்த பிறகு டிரைவ் விடவேண்டும்; வரிசை மாறினால் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் சரியும். அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் பிரேக்கின் 24 வோல்ட்டும் அறுபடுமாறு கம்பி போட்டு, முனைக்குக் கீழே கனமான மரக்கட்டை ஒன்றை வைத்து, பொத்தானை அழுத்திச் சோதித்த பிறகே ஆபரேட்டரிடம் ஒப்படையுங்கள்.